சீனர் கடைக் குடலும் நம் வீட்டுக் குடலும்

லூமுட், சித்தியவான் வட்டாரச் சீனர் கடைகளில் பன்றிக் குடல், ஈரல், வயிற்றுப்பை போட்ட சூப்பைக் கண்டு, "இதையெல்லாமா சாப்பிடுவார்கள்?" என்று முகம் சுளிக்கும் தமிழர்கள் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டில் தீபாவளிக்கு ஆட்டுக் குடல் குழம்பு கொதிக்கும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஈரல் பிரட்டலைக் கேட்டு வாங்குவார்கள்.

1903-இல் சித்தியவானில் குடியேறிய பூச்சாவ் சீனர்கள் விவசாயம் செய்ய வந்தவர்கள். ஒரு பன்றியை அறுத்தால் எதையும் வீசி எறியும் வசதி அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஏது? தோட்டத்து லயத்திலும் அதே கதைதான். கோயிலுக்குக் கிடா வெட்டினால் தலை, கால், குடல், ரத்தம் எல்லாமே சட்டிக்குப் போகும்.

நம்பிக்கையிலும் இரு சமூகமும் நெருக்கம். எந்த உறுப்பை உண்கிறோமோ அந்த உறுப்புக்குப் பலம் என்பது சீனர் எண்ணம். இருமலுக்குப் பன்றி நுரையீரல் சூப் வைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்துச் சிறுநீரகம் சமைத்துத் தருவார்கள். நம் பாட்டிமார் ரத்தம் ஊறச் சுவரொட்டியும், எலும்பு கூட ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தது வேறென்ன? அவர்கள் குடலைப் புரட்டிப் போட்டு உப்பும் மாவும் தேய்த்துக் கழுவுவார்கள். நாம் மஞ்சளும் வெந்நீரும். வாடை போக அவர்களுக்கு வெள்ளை மிளகு, நமக்குக் கருமிளகு.

ஆக, வேறுபாடு உறுப்பில் இல்லை, விலங்கில்தான். மலாய்க்காரர்களுக்குப் பன்றியும் ரத்தமும் ஹராம். ஆனால் மாட்டு நுரையீரலைப் பொரித்து நாசி லெமாக்கோடு ருசித்து உண்பார்கள். மாட்டைத் தொடாத தமிழர் சிலர் காட்டுப்பன்றிக் கறி என்றால் விடமாட்டார்கள். அமெரிக்காவிலோ 1971 முதல் கால்நடைகளின் நுரையீரலை மனித உணவாக விற்கக் கூடாது.

நம்மவர் முகச்சுளிப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தமிழகத்தில் குடலும் ரத்தமும் உண்பதைச் சாதியோடு முடிச்சுப்போட்டு இழிவாகப் பேசும் வழக்கம் இருந்தது, இன்னும் முற்றாகப் போகவில்லை. கப்பலேறி வந்தவர்களோடு அந்தப் பார்வையும் சேர்ந்தே வந்தது. சீனப் பிள்ளையின் கிண்ணத்தைப் பார்த்து "சீ" என்று பழகும் நம் பிள்ளை, நாளை தன் பாட்டியின் குடல் குழம்பையும் நண்பர்களிடமிருந்து மறைக்கும்.

பிடிக்காதவர் சாப்பிட வேண்டியதில்லை. மதம், விரதம் காரணமாக ஒதுக்குவதும் அவரவர் உரிமை. சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஈரலில் இரும்புச் சத்து அதிகம். ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. யூரிக் அமிலம் கூடிக் கால் வீங்குகிறவர்களுக்கு உள்ளுறுப்புகள் ஆகாது. சில கடைகளில் ஈரலை மெதுவாக இருக்கட்டும் என்று உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். அரைவேக்காட்டுப் பன்றி ஈரலால் ஹெப்பாடைட்டிஸ் இ கிருமி தொற்றக்கூடும். நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னால் கடைக்காரர் கோபிக்கமாட்டார்.