மறைவில் கற்ற மங்கை

இன்றைய இஸ்தான்புல், கான்ஸ்டாண்டினோப்பிள் என்னும் பெயருடன் பைசாந்தியப் பேரரசின் தலைநகராய்த் திகழ்ந்த நாளில், 1083-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் அன்னா காம்னீனா. பேரரசர் முதலாம் அலெக்சியசின் தலைமகள். பழங்கிரேக்கக் காவியங்களில் புறச்சமயக் கதைகள் மலிந்துள்ளன என அஞ்சிப் பெற்றோர் தடுத்தனர். அவரோ மறைவில் கற்றுத் தேர்ந்தார். தந்தை மறைந்தபின், தம்பியை விலக்கிக் கணவரை அரியணையேற்ற முயன்று தோற்றார் என்பர்.

பின்னர்க் கன்னிமாடத்தில் அமர்ந்து, தந்தையின் வரலாற்றை ‘அலெக்சியட்’ என்னும் பெயரில் 15 பகுதிகளாக வரைந்தார். முதற் சிலுவைப்போர்ப் படைகள் 1096-இல் தலைநகரை வந்தடைந்ததைக் கிரேக்கர் கண்கொண்டு நாம் காண்பது பெரிதும் இந்நூலால்தான். இதனை 1928-இல் ஆங்கிலத்தில் முழுமையாகப் பெயர்த்தவர் எலிசபெத் டாஸ். மறு ஆண்டே விரிவான ஆய்வுநூல் அளித்தவர் ஜார்ஜினா பக்ளர். இருவரும் பெண்மணிகளே!

அன்று மறைவில் கற்ற கல்வி இன்றும் ஒளிர்கின்றது. நம் இல்லத்துப் பெண்மக்கள் விளக்கொளியில், நம் கண்முன்னே கற்கட்டும்.