கேட்கும் செவி உண்டோ?

ஆதியில் இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதன்முன் கொணர்ந்தார். மனிதன் அவற்றுக்குப் பெயரிட்டான் எனத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். பெயரிட்டு அழைத்தவனுக்கு அவற்றின் மறுமொழியைக் கேட்கும் ஏக்கமும் அன்றுதொட்டே உண்டு போலும். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குப்பியோ ஊரின் ஓநாயோடு உரையாடிய கதையை நம் குழந்தைகள் இன்றும் விரும்பிக் கேட்பது இதனாலன்றோ?

அறிவியலும் அந்த ஏக்கத்தோடு கடலுக்குள் இறங்கியுள்ளது. பகாமாஸ் தீவுகளை அடுத்த தெளிந்த நீரில் வாழும் புள்ளி டால்பின்களை, டெனிஸ் ஹெர்சிங் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் 1985ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து வருகிறார். டால்பின்களுக்குத் தத்தமக்கே உரிய சீழ்க்கையொலி உண்டு. ஏறத்தாழப் பெயர் போன்றது அது. பிரிந்த தாயும் குட்டியும் அவ்வொலியாலேயே மீண்டும் ஒன்றுசேர்கின்றன.

ஹெர்சிங் அம்மையாரும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தாட் ஸ்டார்னரும் இணைந்து 'சாட்' என்னும் கருவியை உருவாக்கினர். நீரில் மூழ்குவோர் மார்பில் அணியும் கணிப்பொறிப் பெட்டி அது. கடற்பாசி, கயிறு முதலிய விளையாட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய சீழ்க்கை வகுக்கப்பட்டது. ஆய்வாளர் இருவர் டால்பின்களின் கண்முன் அப்பொருளைக் கைமாற்றுவர். கருவி அதற்குரிய ஒலியை எழுப்பும். டால்பின் அவ்வொலியைத் திரும்ப எழுப்பினால், பொருளின் பெயர் ஆய்வாளரின் செவியில் மனித மொழியில் ஒலிக்கும்.

2013 ஆகஸ்டில் ஒருநாள், 'சர்காசம்' என்ற கடற்பாசியின் பெயர் அம்மையாரின் செவியில் ஒலித்தது! எனினும், ஒருமுறை கேட்டதைக் கொண்டு டால்பின் பேசிவிட்டது என முடிவுகட்ட இயலாது. முயற்சியோ தொடர்கிறது. அங்கே பல்லாண்டுகளாகச் சேர்த்த ஒலிப்பதிவுகளைக் கற்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பொன்றை 2025இல் கூகுள் நிறுவனம் அறிவித்தது.

இங்கே நாம் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஒற்றைச் சொல்லுக்குமுன் 28 ஆண்டுகள் கழிந்தன. டால்பின்களைத் தொட்டியில் அடைத்து அன்று, அவை வாழும் கடலுக்கே சென்று காத்திருந்தார் அவர். பேசும் கருவி பின்னர் வந்தது. செவிசாய்க்கும் பொறுமையே முதலில் வந்தது.

மற்றொன்றும் உண்டு. கடல்வாழ் உயிர்கள் உண்மையிலேயே பேசத் தொடங்கினால், கடற்பாசியை மட்டுமா கேட்கும்? கப்பல்களின் பேரிரைச்சலையும், கைவிடப்பட்ட வலைகளையும், நாம் கொட்டும் நெகிழிக் குப்பையையும் பற்றி முறையிடாவோ? அதற்கு நம்மிடம் என்ன மறுமொழி உண்டு? ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் திருமுன் தனக்கெனத் தகுதி உண்டு என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் நமக்கு நினைவூட்டினார்.

தாகத்தால் கத்தும் பசுவின் குரலையும், கல்லடிபட்ட தெருநாயின் முனகலையும் அறிய எக்கருவியும் வேண்டுவதில்லை. அக்குரலுக்கு நின்று செவிகொடுக்க நம் பிள்ளைகளை இல்லத்திலேயே பழக்குவோம். படைத்தவரின் குரலைக் கேட்கவும் அச்செவியே உதவும்.