சத்தம் எங்கையிருந்து வருது?

பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில் லொறி என்ஜினைக் கழற்றுவது கடைசி வேலை. ஹெட்டைத் தூக்கினால் கஸ்கெட் போய்விடும். ஒருமுறை நசுங்கிய ஹெட் கஸ்கெட்டைத் திரும்பப் பூட்டினால் நம்பி ஓட முடியாது. புதிது வவுனியாவுக்கு அங்காலிருந்து வரவேண்டும், அது வராது. 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதிலிருந்து 2002 தொடக்கம் வரை எரிபொருள், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைக்குள்ளேயோ கடும் கட்டுப்பாட்டுக்குள்ளேயோ கிடந்தன. ஆகவே என்ஜினுக்குள் டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டால், ஸ்பனரை எடுக்க முன்னம் காதைக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்மாரின் காது கூர்மையானது இப்படித்தான். அதைப் பிறவித் திறமை என்று சொல்லிக் கடந்துபோனால் அவர்கள் பட்ட பாட்டை மறைத்தவர்களாவோம்.

அந்தக் காது கேட்டுப் பழகியதும் சாதாரண சத்தங்களை அல்ல. பெற்றோல் கண்ணில் காணாப் பொருளாக இருந்த நாட்கள் அவை. சின்னப் போத்தலில் பொத்தி வைத்த பெற்றோலில் சில சொட்டுகளை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். டீசல் லொறிக்கு மண்ணெண்ணெயோடு ஒயில் கலந்து ஊற்றியவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் உள்ளே போனதும் என்ஜினின் குரலே மாறிவிடும். பெற்றோல் என்ஜினில், பிளக் பற்றவைத்த சுவாலை வந்து சேர முன்னமே மூலையில் நிற்கும் கலவை தானாக வெடித்துத் தட்டும். டீசல் என்ஜினிலோ அது பற்றிக்கொள்ளப் பிந்தும். பிந்திய நேரத்துக்குள் சேர்ந்த எண்ணெய் முழுவதும் ஒரேயடியாக எரிய, அதுவும் தட்டும். டீசலின் வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. பம்புக்குள் தேய்மானம் தொடங்கும். எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதற்குப் பிறகு பிக் என்ட் பெயரிங்கின் முறை. ஒரே என்ஜினில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சத்தம். அதில் எதைப் பொருட்படுத்தாமல் விடலாம், எதைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று பிரித்தறிவதுதான் வேலை.

1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். அதற்குப் பின்னான மாதங்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் பலரும் கையில் தூக்கக்கூடிய கருவிகளோடு வந்து, மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் மரநிழலில் வேலை தொடங்கினார்கள். அதே 1995இன் கடைசியில்தான் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் கொமன் ரெயில் முறை ஹினோ லொறியில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. கணினி பார்த்துத் தீர்மானிக்க, டீசல் அளந்து தெளிக்கப்படும் முறை அது. இங்கே லொறிகள் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டிருந்த ஆண்டு என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

மரநிழலில் அவர்கள் என்ன செய்தார்கள்? நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை ஓடும் என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார்கள். முதலில் மேலே டப்பெட் மூடி, பிறகு பிளொக்கின் பக்கவாட்டு, பிறகு டைமிங் மூடி, பம்ப். ஒவ்வொரு இடத்திலும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். சத்தத்தின் கதியையும் எண்ணுவார்கள். ஐட்லிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால், வால்வு ஒவ்வொன்றும் 300 தடவைதான் திறக்கும். அதாவது செக்கனுக்கு ஐந்து. மேலே நடப்பது கீழே நடப்பதில் பாதிக் கதி. மெல்லிசாக, உலோகத்தில் உலோகம் கொட்டுகிற மாதிரி, பாதிக் கதியில் வந்தால் வால்வை இயக்கும் டப்பெட்டில் சந்தேகம் விழும். அடியிலிருந்து கனமாக எழும்பி, பாரம் ஏற்றியதும் கூடினால் நிலைமை பாரதூரம்.

அடுத்தது நொசில் குழாயின் நட். ஒவ்வொரு சிலிண்டராக அரைச்சுற்றுத் தளர்த்துவார்கள். எண்ணெய் வெளியே கசியும், அந்தச் சிலிண்டர் எரியாது. தளர்த்தியதும் சத்தம் அடங்கினால் குற்றம் அந்தச் சிலிண்டரின் நொசிலிலோ பிஸ்டனிலோ பெயரிங்கிலோ இருக்கிறது. நான்கையும் தளர்த்திப் பார்த்தும் சத்தம் மாறவில்லையென்றால் டப்பெட் மூடியைத் திறக்கலாம். பீலர் கேஜ் இல்லையா? சவர அலகு ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். நாலை அடுக்கினால் 0.4. பல ஜப்பான் டீசல் என்ஜின்களுக்கு வேண்டிய டப்பெட் இடைவெளி அதுதான். ஐட்லிங்கில் ஓடும்போதே இடைவெளிக்குள் அலகைச் செருகி, சத்தம் நின்றால் கள்ளன் பிடிபட்டான்.

"சத்தம் எங்கையிருந்து வருதெண்டு முதல்ல சொல்லு தம்பி, பிறகு சாவியைத் தொடு" என்று பழகவந்த பெடியளை அதட்டும் குரலை அந்தக் காலத்தில் கராஜ் பக்கம் போன எவரும் கேட்டிருப்பார்கள்.

2002இல் ஏ-9 வீதி திறந்தது, சாமான் வந்தது. 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போன லொறிகளும் உழவு இயந்திரங்களும் எரிந்தும் துருவேறியும் கடற்கரையோரம் குவிந்து கிடந்தன. எந்த என்ஜினின் எந்தச் சத்தத்தை யார் அடக்கி அதை அவ்வளவு தூரம் ஓடவைத்தார் என்ற கதைகளில் பெரும்பகுதி சொன்னவர்களோடேயே போய்விட்டது.

இன்றைக்கு ஏ-9 கார்ப்பெட் வீதி. கபினில் ஏசி, பாட்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடுகிற சாரதிக்கு டிக் சத்தம் கேட்பதே பிந்தித்தான். கஸ்கெட் வேண்டுமென்றால் காலையில் போன் பண்ணினால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து அடுத்த நாள் பஸ்ஸில் வந்துவிடும். கழற்றுவது லேசாகிவிட்டது. கேட்பது குறைந்துவிட்டது.

இதற்காக, என்ஜின் கணினியின் கோளாறுகளை வாசிக்கும் ஸ்கேனரைக் குறைசொல்ல நான் வரவில்லை. கொமன் ரெயில் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். பழைய பழக்கத்தில் ஓடும் என்ஜினில் நட்டைத் தளர்த்தப் போனால் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழக்க நேரலாம். அந்தச் சோதனையை ஸ்கேனர் கையில் எண்ணெய் படாமல் செய்துதருகிறது. இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். எந்தச் சிலிண்டருக்குக் கணினி எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதையும் அதன் திரையில் வாசிக்கலாம். ஆனால் டப்பெட் இடைவெளி கூடியதை எந்த சென்சரும் சொல்லாது. வெளியே புகை கசிவதையும் அனேகமாகச் சொல்லாது.

பரந்தன் பக்கம் நெல் ஏற்றும் லொறிக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. காலையில் டிக் டிக். ஒரு கராஜில் ஸ்கேனரைப் பூட்டினார்கள். கோளாறு எதுவும் காட்டவில்லை. காட்டாததால் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். லீசிங் கட்டுகிற மனிதர், அறுவடைக் காலத்தில் ஓடி உழைத்த காசெல்லாம் அதற்கே போயிருக்கும். மாற்ற முன்னம், தடைக்காலத்தில் கைபழகிய பெரியவர் ஒருவரிடம் போனார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. குளிரில்தானே அடிக்குது? சூடானால் நிற்குதோ? பிறகு டோர்ச்சை எடுத்துக் குனிந்து எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் பொருத்தின் அடியைப் பார்த்தார். கஸ்கெட் ஓரத்தில் நகம் அளவுக்குக் கரிக்கோடு. இரும்பு குளிர்ந்திருக்கையில் புகை அந்த இடுக்கால் வெடித்து வெடித்து வெளியேறுகிறது, சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைக்கிறது. ஒரு கஸ்கெட்டோடு காரியம் முடிந்தது.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் வழி முழுமையாகத் திறந்தது. வன்னியில் ஓடும் லொறிகளில் பெரும்பாலானவை அந்த நிறுத்தத்துக்கு முன் வந்தவை, வருடத்துக்கு வருடம் தேய்பவை. வருகிற காலத்தில் இந்த டிக் சத்தங்கள் கூடத்தான் போகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் முறையாகப் படிப்பிக்கிறார்கள். அங்கே ஸ்கேனர் பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு முன்னால் இந்தப் பெரியவர்களை வாரத்தில் ஒருநாளாவது இருத்த வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்கும் வயது எழுபதைத் தொடுகிறது.

பரந்தன் லொறியின் கசிவைக் கண்டுபிடித்த அந்தப் பெரியவர் இப்போது வாட்ஸ்அப்பிலும் சத்தம் கேட்கிறார். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் பெடியள் என்ஜின் ஓசையைப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். "குளிரில ஒண்டு, சூட்டில ஒண்டு, போனை முன்னுக்கும் பின்னுக்கும் பிடிச்சு எடு" என்று திருப்பி அனுப்புவார். டப்பெட் சத்தத்தையும் கசிவையும் அப்படியே சொல்லிவிடுவார். அடியிலிருந்து வரும் கனத்த தட்டலைச் சின்ன போன் ஒழுங்காகப் பிடிக்காது. அதில் சந்தேகம் வந்தால், லொறியை ஓடவேண்டாம், இழுத்துக்கொண்டு வா என்பார்.