தலைக்காயமும் குணமாற்றமும்

எங்கள் சந்தாபுரா வழியே செல்லும் ஓசூர் சாலையில்தான் நிமான்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தைப் பார்த்தபோது, ரயில்வேக்காரனான எனக்கு ஃபினியாஸ் கேஜின் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் இருப்புப்பாதை மேஸ்திரி அவர். 1848-இல் பாறையில் வெடிமருந்தைக் குத்தி இறுக்கும்போது வெடித்து, ஆறு கிலோ கம்பி மூளையின் முன்பகுதியைத் துளைத்தது. பிழைத்தார், நினைவாற்றலும் தப்பியது. ஆனால் நிதானமானவர், முன்கோபியாகிவிட்டார்.

ஹென்றி மொலைசன் கதை நேரெதிர். 1953-இல் வலிப்புக்காக மூளையின் பக்கவாட்டு உட்பகுதியை அகற்றினார்கள். சாந்தகுணம் மாறவில்லை, புதிதாகச் சந்தித்தவரைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவார்.

ஆகவே, விபத்தில் தலையில் அடிபட்டு மீண்டவர் எரிந்து விழுந்தால், 'திமிர்' என்று ஏசாதீர்கள். காயத்தின் விளைவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.