கொல்லையில் எது இருக்கலாம், எது கூடாது?

கொல்லைப்புறத்தில் நாலு முழ இடம் இருக்கிறதா? கைவைத்தியத்துக்கு அது போதுமே! பக்கத்து வீட்டில் ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து வந்து, தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்றுங்கள். வேலியில் தூதுவளையைப் படர விடுங்கள். சளிக் காலத்தில், முள்ளை நீக்கிய தூதுவளை இலையில் ரசம் வைக்கலாம்.

ஆனால், அதே வேலியோரம் மஞ்சள் அரளி நிற்கிறதா? பூஜைக்குப் பூ தரும் செடிதான். அதன் காய்க்குள் இருக்கும் கொட்டையோ இதயத்துடிப்பையே குலைக்கும் விஷம்! சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

தப்பித்தவறிக் குழந்தை வாயில் போட்டுவிட்டால், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். என்னைப் போன்ற சித்த வைத்தியரிடமும் வராதீர்கள். காயைக் கையோடு எடுத்துக்கொண்டு, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!