இருதயக் கதவு கசியும்போது

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் முதியோர் மூச்சு வாங்கினால் குடும்பத்தார் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வயதாகிவிட்டது, போதாததற்கு ஆலைப் புகையும் லாரித் தூசியும். புகையும் தூசியும் தீங்கு செய்பவையே. ஆனால் படுத்தவுடன் மூச்சுத் திணறுவதற்கும், கால் வீங்குவதற்கும், சில படிகள் ஏறினாலே களைத்துப்போவதற்கும் இருதய வால்வின் கசிவும் காரணமாகலாம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இருதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஈரிதழ்க் கதவு ஒன்று உண்டு. ஆயர்கள் திருவழிபாட்டில் அணியும் 'மைட்டர்' என்னும் தலையணியை ஒத்திருப்பதால் அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர் வந்தது. நாள்தோறும் ஏறத்தாழ 1 இலட்சம் முறை அது திறந்து மூடுகின்றது. இதழ்கள் சரிவரப் பொருந்தாவிடில், உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து நுரையீரலில் தேக்கத்தை விளைவிக்கின்றது.

மார்பைத் திறந்து வால்வைச் செப்பனிடுவதோ மாற்றுவதோ நெடுநாளைய சிகிச்சை. முதுமையாலும் பிற நோய்களாலும் அதைத் தாங்க இயலாதோர் என் செய்வர்? இத்தாலிய மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி, 1990களின் தொடக்கத்தில் இரு இதழ்களின் நடுப்பகுதியைச் சேர்த்துத் தைத்துக் கசிவைக் குறைத்தார். அக்கருத்தைப் பின்பற்றி, தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இதழ்களைச் சிறு கவ்வியால் இணைக்கும் முறை 2003இல் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. மார்பு திறக்கப்படுவதில்லை; இருதயமும் நிறுத்தப்படுவதில்லை. இன்று சென்னையின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றிலும் இச்சிகிச்சை உண்டு.

இருதயத் தசை தளர்ந்ததால் வால்வு கசிந்த 614 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆராய்ந்தனர். 2018இல் வெளியான அம்முடிவின்படி, மருந்து மட்டும் பெற்றவர்களுள் 100க்கு 46 பேர் இரண்டாண்டுகளில் இறந்தனர். கவ்வியும் பொருத்தப்பட்டவர்களுள் 29 பேர். அதே ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு ஆய்விலோ அத்தகைய நன்மை தென்படவில்லை. ஆகவே இது எல்லாருக்கும் ஏற்றதன்று. எக்கோ பரிசோதனைக்குப் பின் மருத்துவக் குழுவே தீர்மானிக்கவேண்டும். செலவோ பல இலட்ச ரூபாய். வீட்டை அடகு வைக்குமுன் அறுவைச் சிகிச்சை இயலுமா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எதற்கு உதவும் என்று கேட்டறிவது கடமை. நமக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருதய நோய்ப் பிரிவு இருப்பதை மறவாதிருப்போம்.

பெற்றோருக்கு மற்றொரு செய்தி. நம் நாட்டில் இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்குப் பெருங்காரணம், தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். அதனால் தடித்துச் சுருங்கிய இதழ்களுக்குக் கவ்வி பெரும்பாலும் பொருந்தாது. எனவே பிள்ளைகளின் தொண்டை வலியையும் மூட்டு வீக்கத்தையும் அசட்டை செய்யலாகாது. மூன்று, நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சிலின் ஊசி போடுமாறு மருத்துவர் பணித்திருந்தால், பிள்ளை நலமாகத் தோன்றினாலும் அதை நிறுத்தலாகாது.

மருத்துவரும் மருந்தும் இறைவனின் கொடை என்பது சீராக்கின் ஞானநூல் தரும் போதனை. செபமாலையோடு எக்கோ பரிசோதனையும் சேரட்டும். துணையற்ற முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பணியைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞரும் ஏற்பார்களாக. திருஇருதய ஆண்டவருக்கு நாம் செலுத்தும் வணக்கம், அயலாரின் இருதய நலத்தைப் பேணுவதிலும் வெளிப்படவேண்டுமன்றோ?