படம் ஓடுது… வசனம் எங்கே? காதுகேளாதோரின் கேப்ஷன் உரிமையும், அதைக் கேட்டு வாங்கும் வழிகளும்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. பி.காம். முடித்து வேலைக்குப் போகிறார். சினிமான்னா உயிர். ஆனால் தியேட்டருக்குப் போனால் இங்கிலீஷ் படத்துக்குத்தான் போவார். ஏன் என்று கேட்டதற்கு, கைபேசியில் தட்டிக் காட்டினார்: “அதுலதான் கீழே எழுத்து ஓடும். தமிழ்ப் படத்துல எல்லாரும் சிரிப்பாங்க. நான் அவங்க முகத்தைப் பார்த்துட்டு ரெண்டு நொடி கழிச்சு சிரிக்கணும்.”

தமிழ்நாட்டில் பிறந்து, தமிழில் படித்தவர், தமிழ்ப் படம் பார்க்க ஓடிடி-யில் வரும்வரை காத்திருக்கிறார். டிக்கெட் வாங்கத் தயாராக இருந்தும் தியேட்டரில் அவருக்கு இடமில்லை. இது ஒருவர் கதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 50 லட்சம் பேருக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேல். வயதாகி காது மந்தமான தாத்தா பாட்டிகளையும் சேர்த்துப் பாருங்கள், நம் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

இவர்களுக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது? அது கிடைக்கவில்லை என்றால் எங்கே, எப்படிக் கேட்பது? இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

சப்டைட்டில் வேற, கேப்ஷன் வேற

ரெண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறோம். சப்டைட்டில் என்பது மொழி தெரியாதவருக்கானது. அவருக்குக் காது கேட்கும், மொழிதான் புரியாது. அதனால் வசனத்தின் மொழிபெயர்ப்பு மட்டும் போதும்.

கேப்ஷன் என்பது காது கேட்காதவருக்கானது. வசனத்தோடு சேர்த்து, பேசுவது யார், பின்னால் என்ன சத்தம் வருகிறது என்பதும் எழுத்தில் வர வேண்டும். ‘கதவு தட்டும் சத்தம்’, ‘போன் அடிக்கிறது’, ‘மெல்லிய இசை’ என்றெல்லாம். பேய்ப் படத்தில் கதாநாயகி திடீரென்று திரும்பிப் பார்க்கிறாள். ஏன் திரும்பினாள்? பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. அந்த ஒரு வரி எழுதப்படாவிட்டால் காட்சியே புரியாது.

கேப்ஷனில் இரண்டு வகை. திரையிலேயே எல்லாருக்கும் தெரியும்படி ஓடினால் அது ஓப்பன் கேப்ஷன். தேவைப்படுபவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம், மற்றவருக்குத் தெரியாது என்றால் அது க்ளோஸ்டு கேப்ஷன். யூடியூபில் ‘சிசி’ என்று ஒரு பொத்தான் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுவிட்டு ‘நாங்க கொடுத்துட்டோமே’ என்று சொல்வது சரியாகாது. தமிழ்வழியில் படித்த காதுகேளாதவருக்கு அது உதவாது. தமிழ் வசனத்துக்குத் தமிழ் எழுத்துதான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் உள்ளது. இதில் நமக்குத் தேவையான பிரிவுகள்:

• பிரிவு 42: ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒலி விவரிப்பு, சைகை மொழி, கேப்ஷன் ஆகிய மூன்றையும் இந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

• பிரிவு 29: பண்பாடும் பொழுதுபோக்கும் உரிமை. காதுகேளாதோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகை மொழி அல்லது சப்டைட்டிலோடு பார்க்க வழி செய்ய வேண்டும்.

• பிரிவு 2: ‘பொதுக் கட்டடம்’ என்றால் அரசுக் கட்டடம் மட்டும் இல்லை. மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அடக்கம். பொழுதுபோக்கு இடம், மருத்துவமனை, ரயில் நிலையம், பேருந்து நிலையம், விமான நிலையம் எல்லாமே இதில் வரும். ‘இது பிரைவேட் தியேட்டர், எங்களுக்குப் பொருந்தாது’ என்று சொல்ல முடியாது.

• பிரிவு 89: சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் குறைந்தது 50,000 ரூபாய், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்.

தியேட்டருக்கு என்று தனி வழிகாட்டுதல்

2023 ஜனவரியில் ‘பதான்’ படம் வெளியாகும் நேரத்தில், பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தப் படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரிப்பு, சப்டைட்டில், கேப்ஷன் தயார் செய்யும்படி தயாரிப்பு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. திரையரங்குகளுக்கும் ஒரு பொது விதிமுறை வேண்டும் என்ற பேச்சு அதன்பிறகு வேகம் பிடித்தது.

2024 மார்ச் 15 அன்று மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளில் படம் திரையிடுவதற்கான அணுகல் தரநிலை வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் காலவரிசை இப்படி:

• ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு 6 மாதம். செவித்திறன் குறைந்தோருக்கு ஒரு வசதி, பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு ஒரு வசதியாவது இருக்க வேண்டும்.
• தேசிய விருது, இந்திய சர்வதேசத் திரைப்பட விழா போன்றவற்றுக்குச் சமர்ப்பிக்கும் படங்களுக்கு 2025 ஜனவரி 1.
• மற்ற திரைப்படங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். அதாவது 2026 மார்ச் 15.

தியேட்டர்காரர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் அதில் வழிகள் உண்டு. தனிக் காட்சி நடத்தலாம், கேப்ஷன் தெரியும் கண்ணாடி அல்லது சிறு திரை போன்ற கருவி கொடுக்கலாம், கைபேசிச் செயலி மூலமாகத் தரலாம்.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரை மாதிரி வைத்திருக்கும் விதி செல்லாது, கட்டாயமாக்கப்பட வேண்டிய அடிப்படைத் தரங்களைத் தனியாக வகுக்க வேண்டும் என்றது. ‘முடிஞ்சா செய்யுங்க’ என்பதில் இருந்து ‘செய்தே ஆகணும்’ என்ற இடத்துக்கு நாடு நகர்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஏன் இன்னும் கிடைக்கலை?

கேப்ஷன் உங்கள் கண்ணுக்கு வர நாலு கை மாற வேண்டும்.

முதலில் தயாரிப்பாளர், கேப்ஷன் கோப்பைத் தயார் செய்ய வேண்டும். இரண்டாவது, தணிக்கை வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, தியேட்டர் அதைக் காட்டக் கருவியோ செயலி ஏற்பாடோ வைத்திருக்க வேண்டும். நாலாவது, கவுண்டரில் இருப்பவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்தாலும் பார்வையாளருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: வெறும் திரை. கோப்பு தயாராக இருந்தும் ‘அப்படி எதுவும் இங்க இல்லைங்க’ என்று கவுண்டரில் சொல்லிவிட்டால், அந்த உழைப்பு எல்லாம் வீண். அதனால் புகார் கொடுக்கும் முன், எந்த இடத்தில் தடை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. படத்துக்கே கேப்ஷன் இல்லையா, தியேட்டரில் வசதி இல்லையா என்று பிரித்துச் சொன்னால் புகார் சரியான மேசைக்குப் போகும்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவில் எண்ணிக்கையே விதியில் இருக்கிறது. ஒரு திரை உள்ள தியேட்டரில் 4 கேப்ஷன் கருவி, 2 முதல் 7 திரை என்றால் 6, 8 முதல் 15 என்றால் 8, அதற்கு மேல் 12. கருவி இருக்கிறது என்று விளம்பரத்திலும் சொல்ல வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஊழியரும் இருக்க வேண்டும். ஒரு அதிகாரி உள்ளே போய் எண்ணிப் பார்த்துவிடலாம் என்பதால், இப்படிப்பட்ட விதியை அமல்படுத்துவது சுலபம்.

தியேட்டர் மட்டும்தானா?

இல்லை. மருத்துவமனைக் காத்திருப்பு அறை, பேருந்து நிலையம், வங்கி என எங்கும் டிவி ஓடுகிறது. புயல் எச்சரிக்கை நேரத்தில் அந்த டிவியில் என்ன சொல்கிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ‘டோக்கன் நம்பர் 42’ என்று மைக்கில் கூப்பிட்டால் காது கேட்காதவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். எண் காட்டும் ஒரு சின்னப் பலகை போதும், பிரச்சினை தீர்ந்தது. சியாட்டில் நகரத்தில், பொது இடங்களில் ஓடும் டிவிக்களில் கேப்ஷன் போட்டே வைக்க வேண்டும் என்று 2019-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். செலவு என்று பார்த்தால் ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்துவதுதான். ஆனால் ஒளிபரப்பில் கேப்ஷன் வந்தால்தான் அந்தப் பொத்தானுக்கு வேலை.

எங்கே, எப்படிப் புகார் செய்வது?

1. முதலில் தியேட்டர் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் போதும். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

2. ஆதாரம் சேருங்கள். டிக்கெட், படத்தின் பெயர், தேதி, காட்சி நேரம், அவர்கள் தந்த பதில், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் வேண்டும்.

3. பதில் இல்லையா? தியேட்டருக்கு உரிமம் தரும் அலுவலரிடம் போகலாம். தமிழ்நாட்டில் அது மாவட்ட ஆட்சியர். சென்னை மாநகரில் காவல் ஆணையர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அங்கேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பாருங்கள்.

4. நேரில் போக முடியாதவர்கள் ‘முதல்வரின் முகவரி’ இணையதளத்தில் மனு பதியலாம். 1100 என்ற எண்ணும் உண்டு. ஆனால் காது கேட்காதவருக்குப் போன் வசதிப்படாது, இணையவழிதான் நல்லது. மனு எண்ணைக் குறித்து வைத்தால் நிலவரம் பார்க்கலாம்.

5. பொது இடங்களில் அணுகல் வசதி இல்லை என்றால், படம் எடுத்து மத்திய அரசின் ‘சுகம்யா பாரத்’ செயலியில் ஏற்றலாம்.

6. இதிலும் தீரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சியை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இவருக்கு உண்டு. இவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது?

நீளமாக வேண்டாம். இது மாதிரி போதும்:

“ஐயா/அம்மா, நான் செவித்திறன் குறைபாடு உள்ளவர். (தேதி) அன்று (திரையரங்கின் பெயர், ஊர்) திரையரங்கில் (படத்தின் பெயர்) பார்க்கச் சென்றேன். கேப்ஷன் வசதி கேட்டதற்கு இல்லை என்று கூறினர். இது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 42-க்கும், 2024 மார்ச் 15 தேதியிட்ட மத்திய அமைச்சக வழிகாட்டுதலுக்கும் மாறானது. வசதி செய்து தர உத்தரவிட்டு, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வரியில் உள்ள ‘எழுத்தில்’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் பதிலைப் போனில் சொல்லக் கூப்பிடுவார்கள்!

உங்கள் கைபேசியிலேயே சில உதவிகள்

கிரேட்டா, மூவிபஃப் ஆக்சஸ் போன்ற செயலிகள் சில படங்களுக்கு அணுகல் வசதி தருகின்றன. நீங்கள் பார்க்கப்போகும் படம் அதில் உள்ளதா, கேப்ஷன் உண்டா என்று பார்த்து, கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். தியேட்டருக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொந்தரவு இல்லை.

அலுவலகம், மருத்துவமனை போகும்போது கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி கைகொடுக்கும். எதிரில் இருப்பவர் தமிழில் பேசுவதை எழுத்தாகக் காட்டும். சத்தமான இடத்தில் தவறு வரலாம் என்பதால் மருந்து அளவு, தேதி மாதிரி விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காது கேட்கும் நம்மாலும் முடியும்

புகார் கொடுப்பது காதுகேளாதவர் வேலை மட்டும் இல்லை. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் படத்துக்குத் தமிழ் கேப்ஷன் இருக்குங்களா?” பத்துப் பேர் கேட்டால் மேலாளர் காதுக்குப் போகும். உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ டிவி இருந்தால் கேப்ஷனை ஆன் செய்து பாருங்கள்.

அந்த அக்காவிடம் இந்தக் கட்டுரையை அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். கட்டைவிரலை உயர்த்தும் படத்தோடு ஒரு வரி அனுப்பியிருந்தார்: “மனு மாதிரியை மட்டும் தனியா அனுப்பு. எங்க குரூப்ல போடணும்.”

நீங்களும் உங்கள் குரூப்பில் போடுங்கள்.